சிறிய ஜெனரேட்டரின் முழுத்திறன்: கடலோர ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் முதல் வேதாரண்யம் வரையுள்ள ஊர்களில் விலை மலிவான பெட்ரோல் ஜெனரேட்டர்களை வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும், சிறு கடைக்காரர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும்,

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக எழுதப்படும் இம்மடல் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: 2 கிலோவாட் திறன்கொண்ட ஒரு மலிவான ஜெனரேட்டரைச் சீராகப் பராமரித்து, அதன்மீது ஏற்றப்படும் மின்சுமையை நேரம் பார்த்து வரிசைப்படுத்தினால், அதே வீட்டுக்கு வேண்டும் என்று பலரும் எண்ணுகிற 4 கிலோவாட் இயந்திரத்தின் வேலையில் பெரும்பகுதியை அது குறைந்த பெட்ரோலில் செய்துமுடிக்கும். போதவில்லை என்று சொல்லி விற்கப்படும் சிறிய ஜெனரேட்டர்களில் பலவற்றுக்குத் திறன் குறைவதில்லை. அவற்றின் காற்றுவழியில் தூசியும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோலின் பிசினும், இணைப்பில் மெல்லிய வயரும், பயன்பாட்டில் ஒழுங்கின்மையும் சேர்ந்து அத்திறனைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

2011 டிசம்பர் 30 அன்று கடலூரை ஒட்டிக் கரையேறிய தானே புயலும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலும் இப்பகுதியின் மின்வழங்கலை வேரோடு சாய்த்தவை. கஜாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்ததால், பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றவும் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றவும் வாடகை ஜெனரேட்டர்களே கைகொடுத்தன. எனவே இங்கே ஜெனரேட்டரின் செயல்திறன் என்பது ஒரு மணி நேர மின்வெட்டைக் கடத்துவது பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை. பெட்ரோல் பங்குகளே இயங்காத நாட்களில் கையிலிருக்கும் சில லிட்டரைக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் தண்ணீரும் வெளிச்சமும் பெறும் என்ற கேள்வியாகவே அது எழுகிறது.

முதலில் இயந்திரத்தின் மேல் எழுதப்பட்டுள்ள எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். மலிவான ஜெனரேட்டர்களின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் உச்சத்திறன், அதாவது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கக்கூடிய அளவு. தொடர்ந்து மணிக்கணக்கில் தரக்கூடிய அளவு தொடர்திறன் எனப்படும், அது சுமார் பத்து விழுக்காடு குறைவாக, பக்கவாட்டில் ஒட்டப்பட்ட தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. மோட்டார் உள்ள சாதனங்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. அதனால் ஜெனரேட்டர் சுமக்கும் மின்னோட்டம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. சுமக்கும் அளவு கே.வி.ஏ. எனவும், வேலையாக மாறும் அளவு கிலோவாட் எனவும் குறிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் திறன் காரணி. அதைப் பொதுவாக 0.8 எனக் கொள்வது வழக்கமாதலால், 2.5 கே.வி.ஏ. என்று எழுதப்பட்ட இயந்திரத்தை 2 கிலோவாட் இயந்திரம் என்று கணக்கில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

சுமையைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் சறுக்குமிடம் மோட்டார்களின் தொடக்க மின்னோட்டம். நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. நெல்மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை நகர்த்தத் தொடங்கும்போது வேண்டியிருக்கும் பலம், அது உருளத் தொடங்கிய பின் வேண்டியிருப்பதில்லை என்பது போன்றதே இது. ஓடும்போது 150 வாட் மட்டுமே எடுக்கும் ஒரு பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி, கம்ப்ரசர் புறப்படும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆயிரம் வாட்டை ஒட்டிக் கேட்கிறது. இதை ஜெனரேட்டருக்கு அருகில் நின்று பார்ப்பவர்கள் கண்ணாலும் காதாலும் அறியலாம்: எல்.இ.டி. பல்பு ஒருமுறை மங்குகிறது, என்ஜினின் ஓசை ஒரு கணம் தாழ்கிறது, கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பின் மெல்லிய இரும்புக் கை கார்புரேட்டரின் காற்றுவாயிலை வெடுக்கென்று திறக்கிறது, ஓசை மீண்டும் உயர்ந்து நிலைக்கிறது. அந்தக் கணத்தில் வேறு ஒரு மோட்டாரும் புறப்பட்டால் என்ஜின் திணறி நின்றுவிடும். உரிமையாளரோ இயந்திரம் சிறியது என்று முடிவுகட்டிவிடுவார்.

இதற்கான தீர்வு வரிசை. 2 கிலோவாட் தொடர்திறன் கொண்ட ஒரு ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டால், வேறு சுமை எதுவும் இல்லாதபோது முதலில் அரை எச்.பி. தண்ணீர் மோட்டாரை இயக்க வேண்டும். அதன் தொடக்கத் தேவை 2,000 வாட்டையும் தாண்டும் என்றாலும், என்ஜினின் ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரத்தில் சுழற்சியாகத் தேங்கியிருக்கும் ஆற்றல் அந்த ஒரு கணத்தைத் தாங்கிக்கொடுக்கும். மோட்டார் ஓடி நிலைத்தபின் அது ஏறத்தாழ 600 வாட்டில் நிற்கும். அதற்குப்பின் குளிர்சாதனப் பெட்டியை இணைத்தால் தொடக்கத்தையும் சேர்த்து 1,600 வாட்டை எட்டி, பின்னர் 750-க்கு இறங்கும். அடுத்து மேசைமேல் வைக்கும் வகை மாவு கிரைண்டர் 150 வாட், வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி சார்ஜ் ஆவதற்கு 300 வாட் என்று சேர்த்தால் மொத்தம் 1,200 வாட். இது தொடர்திறனில் 60 விழுக்காடு. இதே நான்கு சாதனங்களில் தண்ணீர் மோட்டாரைக் கடைசியில் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் 600 வாட்டின் மேல் 2,000-க்கு மேற்பட்ட தொடக்கச் சுமை ஏறி, அதே ஜெனரேட்டர் அணைந்துபோகும்.

குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் தெர்மோஸ்டாட்டின் கட்டளைப்படி தானாகவே நின்று தானாகவே புறப்படும் என்பதால், அது இணைக்கப்பட்டிருக்கும் வரை அதற்கென்று ஆயிரம் வாட் இடத்தை எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டும். நின்ற கம்ப்ரசரை உடனே மறுபடி இயக்குவதும் தவறு. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஆகும், அதற்குள் இயக்கினால் மோட்டார் சுழலவே முடியாமல் மின்னோட்டத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். இஸ்திரிப்பெட்டி, கெய்சர், இன்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெப்பம் உண்டாக்கும் இச்சாதனங்களைச் சிறிய ஜெனரேட்டரில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

தண்ணீர் மோட்டாரின் தொடக்கத்தை எளிதாக்க இரண்டு வழிகள் உள்ளன. மோனோபிளாக் வகை மையவிலக்கு பம்பாக இருந்தால், நீர் வெளியேறும் குழாயின் கேட் வால்வை முக்கால் பங்கு மூடிவைத்து மோட்டாரைப் போட்டு, அது முழுவேகம் எட்டியபின் மெல்லத் திறக்கலாம். இவ்வகை பம்புகள் நீரோட்டம் குறைவாக இருக்கும்போதுதான் மிகக் குறைந்த திறனைக் கேட்கின்றன என்பதால், தொடக்க இழுவை நீடிக்கும் நேரம் சுருங்குகிறது. மற்றொன்று கண்டென்சர். ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குச் சுழற்சியின் திசையையும் தொடக்க விசையையும் தரும் இச்சிறிய உறுப்பு ஆண்டுகள் செல்லச்செல்ல வலுவிழக்கிறது. மின்வாரிய இணைப்பில் எப்படியோ ஓடிவிடும் மோட்டார் ஜெனரேட்டரில் உறுமிக்கொண்டு நிற்பதற்கு இதுவே பல இடங்களில் காரணம். புதிய கண்டென்சரின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெரிய ஜெனரேட்டரின் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

வயரின் தடிமன் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கு இழக்கப்படும் திறனை எவரும் கவனிப்பதில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களின் வயர் பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புடையது, அத்தகைய செம்புக்கம்பியின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26 ஓம். ஜெனரேட்டரைத் தோட்டத்தில் வைத்து 30 மீட்டர் வயர் இழுத்தால், மின்சாரம் போய்வரும் தொலைவு 60 மீட்டராகிறது. தடை சுமார் 1.56 ஓம். தண்ணீர் மோட்டார் புறப்படும் கணத்தில் 20 ஆம்பியர் இழுத்தால், வயரிலேயே 31 வோல்ட் கரைந்துபோகிறது. 230 வோல்ட்டில் புறப்பட்ட மின்சாரம் மோட்டாரை அடையும்போது 200-க்கும் கீழே இறங்கிவிடுகிறது, அந்த அழுத்தத்தில் மோட்டார் புறப்படத் திணறுகிறது. அதே தொலைவுக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 9 வோல்ட் மட்டுமே. சுருளாகச் சுற்றிவைத்தபடியே வயரைப் பயன்படுத்தினால் அது சூடேறி இன்னும் மோசமாகும். முழுவதும் விரித்தே போட வேண்டும்.

அடுத்தது பெட்ரோலின் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறிய ஜெனரேட்டர் அதில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கைத்தான், அதாவது ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் யூனிட்டைத்தான் மின்சாரமாகத் தருகிறது, அதுவும் நல்ல சுமையில் ஓடும்போது மட்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஒரு யூனிட்டின் அடக்கம் அறுபது ரூபாயை ஒட்டி வருகிறது. சாதாரண ஜெனரேட்டரின் என்ஜின் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். பிஸ்டனின் உராய்வும் காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் உழைப்பும் சுமை குறைந்தாலும் குறைவதில்லை. ஆகையால் கால் பங்குச் சுமையில் ஓடும் இயந்திரம் முழுச்சுமைக்கு வேண்டிய பெட்ரோலில் பாதியைக் குடிக்கிறது, ஒரு யூனிட்டின் அடக்கமோ இருமடங்காகிறது. இரவு முழுவதும் இரண்டு மின்விசிறி, நான்கு பல்பு, ஒரு தொலைக்காட்சி ஆகியவற்றுக்காக ஜெனரேட்டரை ஓடவிடும் வீட்டில், பத்து மணி நேரத்தில் சுமார் ஐந்து லிட்டர் பெட்ரோல் தீர்ந்து, கிடைப்பது மூன்று யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். இம்மடலைப் படிப்போர் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்காதிருக்க வேண்டும்.

இதற்கு மாற்று, பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர். காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அந்த நேரத்துக்குள் தண்ணீர் ஏற்றுதல், மாவரைத்தல், குளிர்சாதனப் பெட்டியைக் குளிர வைத்தல், எல்லாக் கைபேசிகளையும் சார்ஜ் செய்தல் ஆகியவற்றை முடித்து, கூடவே இன்வெர்ட்டரின் பேட்டரிக்கும் மின்னேற்றிக்கொண்டால், செலவாகும் பெட்ரோல் சுமார் மூன்றரை லிட்டர்தான். 15 ஆம்பியரில் நான்கு மணி நேரம் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பேட்டரி, இழப்புகள் போக ஏறக்குறைய அரை யூனிட்டைத் திருப்பித் தரும். 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிகள் இரண்டும் 9 வாட் பல்புகள் இரண்டும் அதில் ஆறு மணி நேரம் ஓடும். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிகளாக இருந்தால் மூன்று மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே ஜெனரேட்டரின் செயல்திறனைக் கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டிய பொருள் சில வீடுகளில் மின்விசிறியாகவே இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். புயலுக்கு முன்பே உறைபெட்டியின் காலியிடங்களில் தண்ணீர் பாட்டில்களை வைத்து உறைய விட்டிருந்தால் அது இன்னும் நீடிக்கும்.

ஜெனரேட்டரை இணைத்தும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகவில்லை என்ற குறை அடிக்கடி எழுவதுண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யு.பி.எஸ்., நார்மல் என்று இரு நிலைகள் கொண்ட ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், யு.பி.எஸ். நிலையில் அது குறுகிய மின்னழுத்த எல்லைக்குள் வரும் சீரான மின்சாரத்தை மட்டுமே ஏற்கும், மலிவான ஜெனரேட்டரின் சற்றே ஏறியிறங்கும் மின்சாரத்தை நிராகரித்துவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அதை நார்மல் நிலைக்குத் தள்ளிவைத்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

என்ஜினின் உடல்நிலையை அறிய எளிய அளவுகோல் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை திசைமாறிச் சுழல்கிறது என்ற எண்ணிக்கை. இச்சிறிய இயந்திரங்களின் ஆல்டர்னேட்டரில் இரண்டு காந்தமுனைகள் இருப்பதால், என்ஜினின் ஒரு சுற்றுக்கு ஒரு மின்சுழற்சி உண்டாகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50, அதுவே நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றக்கூடும், ஏனெனில் ஏ.வி.ஆர். எனப்படும் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி உள்ள இயந்திரங்களில் என்ஜின் களைத்து வேகம் தாழும்போதும் வோல்ட் அளவு ஓரளவு சரியாகவே காட்டும். களைப்பு அதிர்வெண்ணில்தான் வெளிப்படும். ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள ஒரு சாதாரண மல்டிமீட்டரைச் சாக்கெட்டில் செருகினால், சுமையில்லாதபோது 52-ஐ ஒட்டியும், வழக்கமான சுமையில் 50-ஐ ஒட்டியும் நிற்பது நல்ல நிலை. சுமை தொடர்திறனுக்குள்ளேயே இருந்தும் 48-க்குக் கீழே போகிறதென்றால், காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்று குறைகிறது.

அவ்வாறு குறையும்போது சில பட்டறைகளில் கவர்னர் திருகைத் திருப்பி ரேஸ் ஏற்றிவிடுவது வழக்கமாக உள்ளது. நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைக்கும் இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் உலுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் 21 விழுக்காடு கூடுகிறது; சுமையை எடுத்த கணத்தில் மின்னழுத்தம் எகிறி, இணைக்கப்பட்டிருக்கும் டிவியையும் சார்ஜர்களையும் எரித்துவிடும் வாய்ப்பும் உண்டு.

காற்றிலிருந்து தொடங்கலாம். ஏர் ஃபில்டரில் உள்ள ஸ்பஞ்சு அடைபட்டால் பெட்ரோலுக்கு ஈடான காற்று கிடைக்காமல், கலவை செறிவாகி, கரும்புகையும் திறனிழப்பும் தோன்றுகின்றன. ஸ்பஞ்சைச் சோப்புநீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்தி, சில சொட்டு என்ஜின் ஆயிலில் நனைத்து, நன்றாகப் பிழிந்தபின் மாட்ட வேண்டும். அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே நுண்தூசியைப் பிடித்துவைக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இழுவை கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் கடற்கரை மணல் சிலிண்டரின் சுவரைத் தேய்த்துவிடும். கடலோரத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது: கடல்மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதால் என்ஜின் தன் முழுத்திறனை எட்ட முடிகிறது, இதே இயந்திரம் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி குறைவால் நான்கில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும்.

பெட்ரோல்தான் இன்றைய நிலையில் மிகுந்த கவனம் கோருவது. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பது. கடலோரத்தின் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தனிப்படலமாகத் தங்கிவிடுகின்றன; கார்புரேட்டருக்கு முதலில் போய்ச்சேருவது அந்த அடிப்படலமே. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊறி விரிசலிடுகின்றன.

கார்புரேட்டரின் அடியில் மிதவை அறை எனப்படும் கிண்ணம் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே, ஊசிமுனை அளவு துளையுள்ள பித்தளைத் துண்டாகிய ஜெட் வழியாகத்தான் என்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் முழுவதும் ஏற வேண்டும். தேங்கிய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய், எஞ்சுவது பழுப்பு நிறப் பிசினாக அத்துளையின் ஓரத்தில் படிகிறது. துளை மயிரிழை அளவு சுருங்கினாலும் கலவை மெலிந்து, சோக் இழுத்துவைத்தால் மட்டும் ஓடும், சுமை ஏற்றினால் குலுங்கி நிற்கும் என்ற நிலை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது சுவிட்சைப் பயன்படுத்தாமல், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தீர்ந்து என்ஜின் தானாக அணையும்வரை சுமையின்றி ஓடவிடுவது இதைத் தடுக்கும் எளிய பழக்கம். எஞ்சியதைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். பருவமழை முடிந்ததும் டேங்கில் மீந்த பெட்ரோலை, தெளிவாக இருக்கும்போதே, இருசக்கர வாகனத்தில் ஊற்றிப் பயன்படுத்திவிட்டு டேங்கைக் காலியாக வைப்பது நல்லது. ஜெட் அடைத்துக்கொண்டால் அதைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கக் கூடாது. கார்புரேட்டர் கிளீனர் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. சேமித்துவைக்கும் பெட்ரோலைப் பொறுத்தவரை, விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடமளிக்கிறது, என்றாலும் சிறிய ஜெனரேட்டர் உள்ள வீட்டுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. அதையும் அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, உலோகக் கேனில் வைக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரி படிந்திருந்தால் காற்றடைப்பு அல்லது செறிந்த கலவை. வெளுத்திருந்தால் மெலிந்த கலவையும் மிகைவெப்பமும். முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். வால்வு இடைவெளியையும் சில நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். அது இறுகிப்போனால் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசிந்து, கயிறு இழுக்கும்போதே லேசாக வந்துவிடும்.

என்ஜின் ஆயில் விஷயத்தில் சிறிய ஜெனரேட்டர்கள் கார்களைவிட மென்மையானவை. இவற்றில் ஆயில் பம்போ ஆயில் ஃபில்டரோ இல்லை. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி ஒன்று ஆயிலை வாரியிறைப்பதே முழு உயவு ஏற்பாடு. எனவே சரிவான இடத்தில் வைத்தால் கரண்டிக்கு ஆயில் எட்டாது; தேய்மானத்தில் உதிரும் உலோகத்துகள்களும் வடிகட்டப்படாமல் ஆயிலிலேயே சுழலும். புதிய இயந்திரத்தில் முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும், சூடு ஆறுவதற்கு முன் ஆயிலை வடித்து மாற்ற வேண்டும். கொள்ளளவு சுமார் 0.6 லிட்டர்தான். கஜாவுக்குப் பிந்தைய நாட்களைப் போல நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட வேண்டி வந்தால், இரு வாரம் முடிவதற்குள் 100 மணி நேரம் நிறைந்துவிடும், அந்நேரத்தில் கடைகள் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கும் வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

உதிரிபாகங்கள் பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது. 1983-இல் ஹோண்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜி.எக்ஸ். வரிசை என்ஜின்களின் அமைப்பைப் பின்பற்றியே இன்றைய மலிவான ஜெனரேட்டர்களின் 163 மற்றும் 196 சி.சி. என்ஜின்களில் மிகப்பல செய்யப்படுகின்றன. வயல்களில் ஓடும் பெட்ரோல் பம்புகளிலும் களையெடுக்கும் கருவிகளிலும் இருப்பவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆதலால் வேளாண் கருவிகளைப் பழுதுபார்க்கும் எந்த மெக்கானிக்குக்கும் இவை புதியவையல்ல. சற்றே மாறுபட்டு நிற்பவை 650 வாட் அளவிலான இரு ஸ்ட்ரோக் இயந்திரங்கள். அவற்றுக்குப் பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும், விளக்குக்கும் விசிறிக்கும் அவை போதும், குளிர்சாதனப் பெட்டிக்குப் போதா.

வைக்கும் இடம் திறனையும் உயிரையும் ஒருங்கே தீர்மானிக்கிறது. சத்தத்தைக் குறைக்கவேண்டிப் பலகைப்பெட்டிக்குள் அடைக்கப்படும் ஜெனரேட்டர், தன் சூட்டையும் புகையையும் தானே மறுபடி உள்ளிழுத்துத் திறனிழக்கிறது. நான்கு பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளியும், மேலே வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரையும், திறந்த பக்கங்களும் அதற்கு வேண்டும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. தூங்குகிறவரை விழிக்கவிடாமலே கொல்லக்கூடியது. வராந்தாவிலோ, ஷட்டர் இறக்கிய கடைக்குள்ளோ, ஜன்னலோரத்திலோ ஜெனரேட்டரை ஒருபோதும் ஓட்டலாகாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு வைக்க வேண்டும். மேலே சொன்ன தடித்த வயர் இந்தத் தொலைவைச் சாத்தியமாக்குவதற்காகவும்தான்.

இருமுனையிலும் பிளக் பொருத்திய வயரைக்கொண்டு ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகும் வழக்கம் மிகக் கொடியது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி, 230 வோல்ட் 11,000 வோல்ட்டாக மாறிவிடும். புயலுக்குப்பின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து கம்பம் ஏறும் லைன்மேன்கள் அந்தக் கம்பியைத்தான் தொடுகிறார்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக்கொண்டு பொருத்துவது கட்டாயம். அதுவரை சாதனங்களை ஜெனரேட்டரின் சாக்கெட்டிலிருந்து நேரடியாகவே இணைத்துக்கொள்ள வேண்டும்.

உப்புக்காற்று முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும் ஊர்களில், ஜெனரேட்டரை ஆண்டு முழுவதும் மூடிவைத்துவிட்டுப் புயலன்று எடுப்பது பலனளிக்காது. மாதம் ஒருமுறை, பாதிச் சுமையில், இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஓட்டினால் சுருள்களில் ஏறிய ஈரம் காய்கிறது, ஆல்டர்னேட்டரில் எஞ்சியிருக்க வேண்டிய காந்தத்தன்மையும் நிலைக்கிறது. இவ்வேலையைச் சுயஉதவிக் குழுக்கள் கூட்டாக மேற்கொள்வது எளிது: தெருவுக்கு ஒரு மல்டிமீட்டரும், ஒரே அளவிலான பிளக், கயிறு, ஸ்பஞ்சு, ஆயில் ஆகியவை அடங்கிய ஒரு பொதுப் பெட்டியும் போதும். செப்டம்பர் மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டின் ஜெனரேட்டரையும் புயல்நாளில் ஓடப்போகும் அதே சாதனங்களோடு, அதே வரிசையில், அதே வயரில் இணைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, சுமையோடும் சுமையின்றியும் கிடைத்த ஹெர்ட்ஸ் அளவையும், ஆயில் மாற்றிய தேதியையும், சாதனங்களைப் போட வேண்டிய வரிசையையும் ஒரு தாளில் எழுதி டேங்கின்மேல் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.